மாஸ்டர் மூடாத எல்லை

எங்கள் டிரைவிங் ஸ்கூலில் மாஸ்டரைப் போல ஒரு பொறுமைசாலி கிடையாது. கிளட்ச்சை மிதித்துக்கொண்டே அழுகிறவர்களையும், வலது பக்கம் என்றால் இடது பக்கம் திருப்புகிறவர்களையும் தேற்றி, லைசென்ஸ் வாங்க வைத்து அனுப்பியவர். "மாஸ்டர் வண்டிதான் வேணும்" என்று அடம்பிடிக்கிறவர்களைச் சமாளிப்பதே முன்மேஜையில் உட்கார்ந்திருக்கும் எனக்குப் பெரும்பாடாக இருந்தது.

மாஸ்டர் பிறந்த தேசத்து அரசாங்கம் எல்லையை மூடியதோடு அதெல்லாம் போயிற்று. மூடியது யாரோ பெரிய மனிதர்கள், மாட்டிக்கொண்டது மாஸ்டர். பதிலுக்கு எங்கள் அரசாங்கமும் அந்த ஊர்க்காரர்களுக்கு விசா கொடுப்பதை நிறுத்தியது. அதைப் பற்றி மட்டும் இங்கே யாரும் மூச்சு விடுவதில்லை.

"மருந்து லாரி ஒண்ணும் வரமாட்டேங்குது மாஸ்டர். உங்க ஆளுங்ககிட்ட நீங்க கொஞ்சம் சொல்லக் கூடாதா?" என்று மருந்துக்கடைக்காரர் கியர் மாற்றிக்கொண்டே கேட்டாராம். யாரிடம் சொல்வது? இங்கே வந்து மனுஷனுக்குத் தலையே நரைத்துவிட்டது. அங்கேயும் ஓட்டு இல்லை, இங்கேயும் இல்லை.

"எல்லையை நான் மூடலைங்க." எல்லோருக்கும் அவர் சொல்லும் ஒரே பதில் இதுதான்.

மருந்துக்கடைக்காரராவது தேவலை. தையல் டீச்சர் வண்டி ஓட்டிக்கொண்டே இதைப் பேசுவதில் மும்முரமாகி, சிவப்பு விளக்கைத் தாண்டப் பார்த்தார். மாஸ்டரின் காலடியிலும் ஒரு பிரேக் உண்டு. அழுத்தினார், வண்டி நின்றது.

"பாத்தீங்களா, போறவங்களை மறிக்கறதே உங்க ஆளுங்களுக்குப் பொழப்பாப் போச்சு" என்றாராம் டீச்சர். உயிர் பிழைத்ததற்கு நன்றி அவ்வளவுதான். மறுநாள் வேறு மாஸ்டர் கேட்டு என் மேஜைக்கு வந்தார். நாக்கு நுனி வரை வந்ததை விழுங்கிவிட்டு மாற்றிக் கொடுத்தேன்.

இந்தப் புண்ணியவான்களுக்குத் தெரியாத ஒன்று உண்டு. தங்கையின் பிரசவத்துக்கு உதவியாகப் போன மாஸ்டரின் மனைவி எல்லைக்கு அந்தப் பக்கம் மாட்டிக்கொண்டிருந்தார். அங்கே வெளியே விடமாட்டார்கள். விட்டாலும், இங்கே நுழைய விசா முடிந்துவிட்டது.

"சொல்லித் தொலைங்களேன் மாஸ்டர், அப்பவாவது வாயை மூடுவாங்க" என்றேன்.

"சொன்னா, அதுக்கும் நான்தான் காரணம்னுவாங்க, விடும்மா."

நேற்று மத்தியானம் வாசலில் வண்டியைக் கழுவிக்கொண்டிருந்தபோது அவருடைய போன் அடித்தது. கையெல்லாம் சோப்பு. என்னை ஸ்பீக்கரில் போடச் சொன்னார். பேசியது மனைவியின் தம்பி.

"என்ன மச்சான், உங்க ஊர்ல விசாவை நிறுத்தியே வச்சிருக்காங்க? இத்தனை வருஷமா அங்கதான இருக்கீங்க, ஒரு வார்த்தை பேசக் கூடாதா?"

நான் தலையில் கை வைத்துக்கொண்டேன். அதற்குள் மனைவி போனை வாங்கிவிட்டார். அப்பாடா, இந்தம்மாவாவது ஆறுதலாகப் பேசுவார் என்று நினைத்தேன்.

"இன்னிக்கும் விசா ஆபீஸ்ல போய் நின்னேன். வாசல்லயே திருப்பி அனுப்பிட்டாங்க." குரல் உடைந்தது. "உங்க ஆளுங்களுக்கு நான் என்னங்க பண்ணேன்?"

மாஸ்டர் ஈரத்துணியை வாளியில் போட்டுவிட்டு போன் பக்கம் குனிந்தார். அந்த ஒரே பதில் இப்போது வரும் என்று காத்திருந்தேன்.

"அழாதே. நான் பேசறேன்" என்றார்.

யாரிடம் என்று அந்தம்மா கேட்கவில்லை.