ரயில் நிலையம் இருந்த கடல்

மன்னார்த் தீவில் மீனவக் கிராமமான பேசாலையில் பிறந்த நான், டோக்கியோவுக்கு அருகே ஒரு நகரத்தில் முதியோர் இல்லமொன்றில் வேலை செய்கிறேன். விடிந்ததும் அந்த ஊர் ரயிலேறித் தலைநகருக்கு வேலைக்குப் போய்விடும். பகலில் மிஞ்சுவது குழந்தைகளும் முதியவர்களும் அவர்களைப் பார்த்துக்கொள்கிற எங்களைப் போன்றவர்களும்தான்.

எங்கள் இல்லத்தில் ஒரு முதியவர் இருந்தார். கண் வைத்தியரிடம் கூட்டிப்போக ரயில் நிலையத்தின் பக்கம் சக்கரக் கதிரையைத் தள்ளினால், ஒரு தெரு முனையில் கதிரையின் சில்லை இறுக்கிப் பிடித்துக்கொள்வார்.

“அங்கே போகாதீர்கள். அது கடல்.”

மறதி நோய் முற்றிவிட்டது என்றார்கள் கூட வேலை செய்தவர்கள். நானும் நம்பினேன். ஒருமுறை அதட்டியும் இருக்கிறேன்.

ஊரிலிருந்த அம்மாவுக்குத் தொலைபேசியில் இதைச் சொல்லிச் சிரித்தேன். அம்மா சிரிக்கவில்லை.

“கடல் எந்த இடத்தில தொடங்குதெண்டு அவரிட்டக் கேட்டனியோ?”

“இல்லையம்மா.”

“கேள் பிள்ளை. அந்த மனுசன் கடல் தொழில் செய்தவர் போல கிடக்கு.”

மறுநாள் அந்தத் தெரு முனைக்குக் கூட்டிப்போய்க் கேட்டேன். கார்கள் நிறுத்துமிடத்துக்குப் பின்னால் இருந்த, இடுப்பளவு உயரமான பழைய கொங்கிரீட் சுவரைக் காட்டினார். தினமும் நான் கடந்து போகிற சுவர்.

வேலை முடிந்து நகர நூலகத்துக்குப் போனேன். நூலகர் பழைய வரைபடமொன்றை விரித்தார். அந்தச் சுவர்தான் அப்போதைய கரை. ரயில் நிலையம், அடுக்குமாடிகள், நான் வாடகைக்கிருந்த அறை எல்லாமே கடலுக்குள் இருந்தன. மட்டி பொறுக்கியும், கடலில் கம்புகள் நட்டு உண்ணும் பாசி வளர்த்தும் பிழைத்த மீனவர்கள் தொழிலை விட்டுக்கொடுத்த பிறகு, மண் கொட்டி நிரப்பியிருக்கிறார்கள்.

பிரதியெடுத்துக் கொண்டுபோய் முதியவரிடம் கொடுத்தேன். பின்னாளில் ரயில் நிலையம் வந்த இடத்தில் விரலை வைத்தார்.

“எங்கள் பாசிக் கம்புகள் இங்கேதான் நின்றன.” பிறகு என்னை நிமிர்ந்து பார்த்தார். “அப்படியென்றால், எனக்குப் பைத்தியம் இல்லையே?”

“இல்லை ஐயா. நீங்கள் சொன்னது சரி. நான்தான் அதட்டிவிட்டேன், மன்னியுங்கள்.”

அவர் வரைபடத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். பொறுப்பாளரிடமும் மற்றவர்களிடமும் நடந்ததைச் சொன்னேன். அதன் பிறகு எவரும் அவரை அதட்டவில்லை.

அடுத்த முறை கண் வைத்தியரிடம் போனபோது, அதே தெரு முனையில் கதிரையை நிறுத்தி அவரிடமே கேட்டேன்.

“இப்போது போகலாமா ஐயா?”

பழைய சுவருக்கு அப்பால் எட்டிப் பார்த்தார்.

“நீர் வற்றியிருக்கிறது. போகலாம்.”

காற்சட்டையை முழங்கால்வரை சுருட்டிவிடச் சொன்னார். குனிந்து சுருட்டிவிட்டேன்.