திரும்பிப் பார்க்காத ஓட்டம்

மாரியூரில் நான் படித்த பள்ளிக்கூடத்தில் விளையாட்டுப் பீரியடு என்றால் வாத்தியார்கள் கண்ணயரும் நேரம். தனுஷ்கோடியைக் கடல் கொண்டுபோன மறு வருஷம் ஒரு டிரில் மாஸ்டர் வந்து அந்தத் தூக்கத்தைக் கெடுத்தார். அவரும் தனுஷ்கோடிக்காரர்தான். தனியாக வந்திருந்தார்.

சாயங்காலம் எங்களைக் கடற்கரைக்குக் கூட்டிப்போய், அலை கால் நனைக்கும் இடத்தில், கடலுக்கு முதுகு காட்டி நிறுத்துவார். தான் பனைமரங்கள் நிற்கும் மணல்மேட்டில் ஏறிக்கொள்வார். விசில் கேட்டதும் அங்கே ஓட வேண்டும்.

"என்ன சத்தம் கேட்டாலும் திரும்பிப் பாக்கப்படாது" என்பார்.

கொஞ்ச நாளில் சாயல்குடிப் பந்தயத்தில் கோப்பைகளை அள்ளி வந்தோம். தலைமையாசிரியர் பூரித்துப்போனார். மாஸ்டரோ கோப்பைகளைத் தொடவே இல்லை. "கடைசியா வந்த புள்ள யாரு? அந்த வேகம் பத்தாது" என்றார். கடைசியாக வருவது எப்போதும் நான்தான்.

"எல்லாரும் வந்துட்டோம் சார்" என்று என் அண்ணன் சொன்ன பிறகும், மேட்டில் நின்றபடி வெறும் கரையைப் பார்த்துக் கையை நீட்டிக்கொண்டிருப்பார். பிறகு விரல்கள் மெல்ல மூடும், சின்னக் கை ஒன்று வந்து சேர்ந்துவிட்டதுபோல. திரும்பும்போது அவருடைய அந்தக் கைப்பக்கம் நடக்க எங்களில் யாருக்கும் தைரியம் இல்லை.

ஒரு நாள் பாதி வழியில் கால் பிசகி விழுந்தேன். கடல் அன்று குளம் மாதிரிக் கிடந்தது. மாஸ்டர் பாய்ந்து வந்து என்னைத் தோளில் போட்டுக்கொண்டு ஓடினார். மேடு வந்தும் நிற்கவில்லை. உடைமரக் காட்டுக்குள் நுழைந்தார். முள் இருவரையும் கிழித்தது.

"சார், எறக்கி விடுங்க சார்!"

"பயப்படாத தாயி. இந்தத் தடவ அய்யா கைய விடமாட்டேன்."

என்னைப் பெற்ற அய்யா அப்போது உப்பளத்தில் இருந்தார். நான் தலையைத் தூக்கிப் பின்னால் பார்த்தேன். உடைமரங்களும் மணலும் தவிர ஒன்றுமில்லை. ஆனால் அவர் உடம்பு நடுங்கிய நடுக்கத்தில், ஏதோ துரத்தி வருவதாக எனக்கே தோன்றிக் கண்ணை இறுக மூடிக்கொண்டேன்.

பஸ் ரோட்டுக்கு வந்துதான் சாய்ந்தார். மூச்சு வந்ததும் என் முகத்தைத் தன் பக்கம் திருப்பிப் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு வாய்விட்டு அழ ஆரம்பித்தார்.

வீட்டில் சொன்னபோது அய்யா கோபப்படவில்லை. சட்டையை மாட்டிக்கொண்டு அவரைத் தேடிப் போனார். எனக்குத்தான் மனத்தாங்கல். என்னைத்தானே காப்பாற்றினார்? என் முகத்தைப் பார்த்ததும் ஏன் அப்படி அழுதார்?