மீன்வால் கார்

என் மனைவிக்கு ஐம்பத்தெட்டு வயதில் சினிமாவில் நடிக்க வாய்ப்பு வந்தது. பீடோர் பக்கம் மூடிப்போன ஒரு ரப்பர் தோட்டத்தில் தமிழ்ப்படம் எடுக்க கோலாலம்பூரிலிருந்து ஒரு குழு வந்திருந்தது. ஜப்பான்காரன் போய் வெள்ளைக்காரன் திரும்பி வந்த காலத்துக் கதை. பால்மரம் சீவத் தெரிந்த பெண்களைத் தேடினார்கள். அவள் அந்தத் தோட்டத்தில் பிறந்து, கல்யாணம் ஆகும்வரை மரம் சீவியவள். பீடோரிலேயே இருக்கும் அவளுடைய அக்கா போன் செய்து சொன்னதும், ஜெலாப்பாங்கில் இருக்கும் எங்கள் வீட்டிலிருந்து நான்தான் கூட்டிப்போனேன்.

கூட்டத்தில் ஒருத்தியாக நிற்கப் போனவளுக்கு ஒரு வசனம் கிடைத்தது. துரையின் கார் வரும். அவள் பால் வாளியைக் கீழே வைத்துவிட்டுக் கையை நீட்டி மறிக்க வேண்டும். "தொரை, புள்ளைக்குக் காய்ச்சல், டவுன் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போவணும்" என்று கெஞ்ச வேண்டும். கார் அவளைச் சுற்றிக்கொண்டு போய்விடும். ஒரு வாரம் அடுப்படியில் இதையே சொல்லிச் சொல்லிப் பார்த்தாள்.

படப்பிடிப்பில் இரண்டாம் தடவையிலேயே சரியாக வந்துவிட்டது. கார் போன பிறகும் கையை இறக்காமல் அப்படியே நின்றாள். இளைஞரான இயக்குநர் ஓடிவந்து, "எங்க கத்துக்கிட்டீங்க, அக்கா?" என்றார்.

"எங்கம்மா இப்படித்தான் நின்னாங்க லா. தம்பி அன்னிக்கே போயிட்டான்" என்று சொல்லிவிட்டுத் தண்ணீர் கேட்டாள்.

தம்பி ஒருவன் சின்ன வயதில் இறந்தது எனக்குத் தெரியும். எப்படி என்று முப்பத்தைந்து வருடத்தில் அவள் சொன்னதில்லை, நானும் கேட்டதில்லை.

நான் அப்போது காரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். தைப்பிங்கில் வாகனப் பதிவு அலுவலகத்தில் முப்பது வருடம் பதிவேடு எழுதும் கிராணியாக இருந்தவன். பின்பக்கம் மீன்வால் போலத் தூக்கியிருக்கும் அந்த மாடலின் பழைய பதிவு அட்டைகள் எத்தனையோ என் மேசைக்கு வந்திருக்கின்றன. எல்லாமே நாடு சுதந்திரம் அடைந்த பிறகு பதிவானவை. கதை நடக்கும்போது அந்தக் கார் உலகத்திலேயே இல்லை. அன்று யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

சில மாதம் கழித்து ஈப்போவில் ஒரு சின்ன மண்டபத்தில், நடித்தவர்களுக்கும் அவர்கள் வீட்டாருக்கும் மட்டும் படத்தைப் போட்டுக் காட்டினார்கள். மனைவியின் காட்சி வந்தபோது மண்டபத்தில் சத்தமே இல்லை. முடிந்ததும் இயக்குநர், "குறை இருந்தா தைரியமா சொல்லுங்க, இன்னும் மாத்தலாம்" என்றார். நான் எழுந்தேன்.

"அந்தக் காடி தப்பு, தம்பி. கதை நடக்குற காலத்துக்கு அந்த மாடல் கார் வர இன்னும் பத்து வருஷத்துக்கு மேல ஆவும்."

"நிச்சயமா, அண்ணே?"

"எத்தனை பதிவு அட்டைய கையில புடிச்சுப் பார்த்தவன்."

அவர் குறித்துக்கொண்டார். சிலர் கைதட்டினார்கள். எனக்குப் பெருமையாக இருந்தது, அதை மறைப்பதற்கில்லை.

படம் தியேட்டருக்கு வந்தபோது அவளுடைய அக்காவையும் அழைத்துப் போனோம். விடியற்காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டில், வரிசையில் நிற்கும் பெண்களில் ஒருத்தியாக மனைவி தெரிந்தாள். அதற்குப் பிறகு வரவே இல்லை. படம் முழுக்கத் துரை நடந்தே வந்தார், நடந்தே போனார். விளக்குப் போட்ட பிறகும் அக்கா, "எங்கடி ஒன் சீனு?" என்று கேட்டுக்கொண்டிருந்தார்.

வீட்டுக்கு வரும் வழியில் மனைவி, "நீங்க சொன்னது சரிதானே?" என்றாள்.

"சரிதான்."

"அப்ப விடுங்க."

மறுநாள் இயக்குநருக்குப் போன் செய்தேன். திரும்ப எடுக்க வசதியில்லை, வெட்டத்தான் முடிந்தது என்றார். அந்தத் துண்டையாவது கொடுக்க முடியுமா என்று கேட்டேன். அன்றைக்கே அனுப்பினார். ஒன்றரை நிமிடம்தான். மனைவியின் போனுக்கு அனுப்பிவைத்தேன். "வந்துருச்சு" என்றாள். என் முன்னால் அதைப் போட்டுப் பார்க்கவில்லை.

போன வாரம் பக்கத்து வீட்டுப் பெண் வந்திருந்தபோது அவளுக்குக் காட்டினாள். நான் முன் அறையில் இருந்தேன். அந்தப் பெண் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "இவ்ளோ நல்லா இருக்கே, ஏங்க்கா படத்துல போடல?" என்று கேட்டது காதில் விழுந்தது.

"படம் ரொம்ப நீளமாப் போச்சாம், வெட்டிட்டாங்க" என்றாள் என் மனைவி. பிறகு போனை மேசையில் கவிழ்த்து வைத்துவிட்டு, தேத்தண்ணி கலக்க எழுந்து போனாள்.