நாலு மணி

வடக்கே, இந்தி பேசும் ஊர் ஒன்றின் மின்சாரப் புகார் மையத்தில் ஜெயசீலனுக்குத் தமிழில் பேசக் கிடைத்த ஒரே ஆள் அம்சவேணி. லக்ஷ்மிபாய் நகரில் இட்லி மாவு அரைத்து விற்பவள். அவளை அவன் பார்த்ததில்லை. புழுதிப்புயல் அடித்து மின்சாரம் போனால் கூப்பிடுவாள்.

“எப்பண்ணே வரும்? அரிசி, உளுந்து ஊறப்போடலாமா?”

“தெரியலம்மா. கொஞ்ச நேரம் கழிச்சுக் கேளுங்க.”

கேட்பாள். இருவருக்கும் சொந்த ஊரான மதுரையைப் பற்றியும் இரண்டு வார்த்தை பேசுவாள்.

2004இல் மையத்துக்குப் புதிய மென்பொருள் வந்தது. எங்கே கம்பி அறுந்தது, எத்தனை ஆட்கள் போயிருக்கிறார்கள் என்று கொடுத்தால், மின்சாரம் திரும்பும் நேரத்தைச் சொல்லிவிடும். பெரும்பாலும் சரியாகவே இருந்தது. அவன் நேரம் சொன்னதும் அவள் “அச்சா” என்று வைத்துவிடுவாள். மறுபடி கூப்பிட மாட்டாள்; மதுரைப் பேச்சும் நின்றுபோனது.

மே மாதத்தில் ஒரு நண்பகல் புயல். திரை ஏழரை மணி என்று காட்டியது. ஜெயசீலன் நாலு என்றான்.

நாலுக்குக் கூப்பிட்டாள். ஐந்துக்கும் கூப்பிட்டாள். “இதோ வந்துரும்” என்றான். ஊரில் மழை உண்டா என்று விசாரித்தான். ஆறரைக்கு அவள் குரல் மாறியிருந்தது.

“உளுந்து நாத்தமெடுத்துருச்சுண்ணே. பத்து வீட்டுக்கு மாவு சொல்லி வச்சிருந்தேன்.”

“கம்ப்யூட்டர் தப்பாக் காட்டிருச்சும்மா.”

“பக்கத்து வீட்டுக்கு உங்க ஆபீஸ்லதான் ஏழரைன்னு சொன்னாங்களாம்.”

அடுத்த புயலிலும் அவன்தான் எடுத்தான். குரலைக் கேட்டதும் அவள் ‘அண்ணே’வை விட்டு “பையா” என்று ஆரம்பித்து, வேறு யாரிடமாவது கொடுக்கும்படி இந்தியில் சொன்னாள்.

ஜெயசீலன் ரிசீவரைப் பக்கத்து மேசைக்கு நீட்டினான்.