அஞ்சு ஸ்டார் செய்முறை

ஒரு புத்தகத்தைப் பற்றி வாயைத் திறப்பதற்கு முன்னால் அதைக் கடைசிப் பக்கம் வரை படித்திருக்க வேண்டும். இதைச் சொன்னால் எங்கள் வாசகர் குழுவில் சிரிக்கிறார்கள். "அக்கா ரொம்ப ஸ்ட்ரிக்டு" என்று எழுதி, பக்கத்தில் ஒரு சிரிக்கிற பொம்மையைப் போடுகிறார்கள். இதில் என்ன ஸ்ட்ரிக்டு வேண்டிக் கிடக்கிறது? நான் மதுரை அவனியாபுரத்தில் மருந்துக்கடை வைத்திருக்கிறேன். டாக்டர் சீட்டைப் படிக்காமல் மாத்திரையை எடுத்துக் கொடுத்தால் என்னைச் சும்மா விடுவார்களா? புத்தகத்தைப் படிக்காமல் எழுதினால் மட்டும் கை தட்டுகிறார்கள்.

மத்தியானம் கடையில் ஆள் வராது. மேசைக்கு அடியில் வைத்திருக்கும் புத்தகத்தை அப்போதுதான் எடுப்பேன். படித்து முடித்ததும் உடனே எழுதமாட்டேன். ஒருநாள் ஆறப்போட்டுவிட்டு, எது பிடித்தது, எங்கே இழுவையாக இருந்தது என்று, நெட்டில் அந்தப் புத்தகத்தை விற்கிற பக்கத்தில் ஸ்டாரோடு சேர்த்துப் போனில் தட்டுவேன். பாதியில் விட்டிருந்தால் எந்தப் பக்கத்தில் விட்டேன் என்பதையும் சொல்லிவிடுவேன். எழுதியவர் தெரிந்த ஆள் என்றால் அதையும் மறைக்கமாட்டேன். இப்படி எழுதி எழுதி நான் சம்பாதித்தது பகையைத்தான். ஒரு கவிதைப் புத்தகத்துக்கு மூன்று ஸ்டார் போட்டதற்கு, அதை எழுதியவர் கடைக்கே வந்துவிட்டார். இருமல் மருந்து வாங்குகிற சாக்கில், "மூணுங்கிறது பாஸாக்கா, பெயிலாக்கா?" என்று கேட்டார். மருந்தை வாங்கிக்கொண்டு மீதிச் சில்லறையை வாங்காமலே போய்விட்டார்.

எங்கள் பக்கம் விசேஷ வீடுகளில் செய்முறை என்று ஒன்று உண்டு. உன் வீட்டுக் காதுகுத்துக்கு நான் தட்டும் பாத்திரமும் மேளமுமாக வந்தால், என் வீட்டு விசேஷத்துக்கு நீ அதற்குக் குறையாமல் கொண்டுவர வேண்டும். யார் என்ன கொண்டுவந்தார் என்று மைக்கில் சொல்வார்கள். குறைந்தால் பேச்சுவார்த்தை நின்றுபோகும். நானும் செய்கிறவள்தான், அதில் எனக்கு ஒரு மனக்குறையும் இல்லை. சோறாக்கிப் போடுகிற வீட்டுக்கு வெறுங்கையோடு போக முடியுமா? ஆனால் எங்கள் ஆட்கள் அந்தப் பழக்கத்தை அப்படியே தூக்கிக்கொண்டு வந்து புத்தகத்துக்குள் வைத்துவிட்டார்கள். குழுவில் முக்கால்வாசிப் பேர் எழுதுகிறவர்கள். நீ என் புத்தகத்துக்கு அஞ்சு ஸ்டார் போட்டாயா, உன் புத்தகத்துக்கு நான் அஞ்சு ஸ்டார். அதைப் படித்தாயா என்று கேட்பது, செய்முறைப் பாத்திரத்தைத் தட்டிப் பார்ப்பதுபோல மரியாதைக் கேடு.

அந்தக் குழுவில் எனக்கென்று இருந்த ஒரே ஆள் அவள். வாடிப்பட்டிக்காரி. அங்கே ஒரு தனியார் பள்ளிக்கூட ஆபீசில் வேலை. மாதக் கூட்டத்துக்கு பஸ் ஏறி ஆரப்பாளையம் பஸ் ஸ்டாண்டில் வந்து இறங்குவாள், நான் போய்க் கூட்டிக்கொண்டு போவேன். என்னைவிடப் பத்துப் பதினைந்து வயது சின்னவள். அவளும் எல்லாருக்கும் அஞ்சு போடுகிறவள்தான். அதைச் சொல்லி நான் திட்டுவேன். "போட்டாத்தானக்கா நாளைக்கு நமக்கும் வரும்" என்பாள். "அப்படி வந்து என்னத்துக்குடி ஆகப்போகுது?" என்று கேட்டால் சிரித்துக்கொண்டே முறுக்குப் பொட்டலத்தை நீட்டுவாள். அவளிடம் ரொம்ப நேரம் கோபமாக இருக்க முடியாது.

அவள் ஒரு நாவல் எழுதினாள். வாடிப்பட்டியிலிருந்து தினமும் மதுரைக்கு பஸ்ஸில் வந்து, ஜவுளிக்கடையில் நாளெல்லாம் நின்று வேலை பார்க்கிற ஒரு பெண்ணின் கதை. கல்யாணத்துக்கு முன்னால் இவளே பார்த்த வேலை அது. ஒரு சின்னப் பதிப்பகம் போட்டது. வாடிப்பட்டியில் ஒரு மஹாலில் வெளியீட்டு விழா. அவள் வீட்டுக்காரர் செல்போன் கடை வைத்திருக்கிறார், தங்கமான மனிதர். வாசலில் அவள் முகத்தைப் பெரிதாகப் போட்டு ஃப்ளெக்ஸ் கட்டியிருந்தார். வந்தவர்களுக்கெல்லாம் அவரே ஓடி ஓடிக் காபி கொடுத்தார். முதல் பிரதிக்கு மஞ்சள் குங்குமம் வைத்து சாமி அலமாரியில் வைத்தார்கள். மேடையில் பேசிய ஆறு பேரில் ஒருவரும் நாவலைப் பற்றிப் பேசவில்லை. அவள் எவ்வளவு அடக்கமான பெண் என்று பேசினார்கள்.

மறுநாள் குழுத் தலைவர் வாட்ஸ்அப்பில் மெசேஜ் போட்டார். ரிட்டயரான பேங்க் ஆபீசர் அவர். "நம்ம தங்கச்சி நாவலுக்கு ஒருத்தர் விடாம ஸ்டார் போட்டு விட்ருங்கப்பா." அவ்வளவுதான், மடமடவென்று விழுந்தது. முதல் ஆள் வீட்டுக்காரர். 'என் மனைவி என்பதற்காகச் சொல்லவில்லை, ஒரு வரி விடாமல் படித்தேன், பெருமைப்படுகிறேன்' என்று எழுதியிருந்தார். அஞ்சு ஸ்டார். குழுத் தலைவர், "ஒன்பதாம் அத்தியாயமான 'தொட்டில்' என் கண்களைப் பனிக்கச் செய்தது" என்று எழுதியிருந்தார். மற்றவர்கள் 'அருமை', 'மண்மணம்', 'வாழ்த்துகள் சகோதரி'. எல்லாம் அஞ்சு.

நான் காசு கொடுத்து வாங்கிய பிரதியைக் கடையில் வைத்துப் படித்தேன். நன்றாகத்தான் எழுதியிருந்தாள். சேலையை விரித்து விரித்து மடிக்கிற அந்தக் கை வலியை அவள் எழுதியிருந்த இடத்தில் புத்தகத்தை மூடி வைத்துவிட்டு என் கையை நானே பிடித்துக்கொண்டேன். நூற்றுப்பன்னிரண்டாம் பக்கம் வரை வந்தேன். பக்கத்தைத் திருப்பினால் மறுபடியும் தொண்ணூற்றேழு. படித்ததே திரும்ப வருகிறது. நூற்றுப்பன்னிரண்டு வரை மறுபடி வந்து, அடுத்தது நூற்றிருபத்தொன்பது. பைண்டிங் செய்தவன் ஒரு பாரத்தை, அதாவது பதினாறு பக்கத்தை, இரண்டு தடவை வைத்துத் தைத்துவிட்டு அடுத்த பாரத்தை விட்டுவிட்டான். விட்டுப்போன பதினாறு பக்கம்தான் ஒன்பதாம் அத்தியாயம். பொருளடக்கத்தில் 'தொட்டில்' என்று தலைப்பு மட்டும் இருக்கிறது.

என் பிரதியில்தான் கோளாறு என்று முதலில் நினைத்தேன். பக்கத்துத் தெரு டீச்சரம்மாவும் விழாவில் ஒன்று வாங்கியிருந்தார். போய்ப் பார்த்தேன், அதிலும் அப்படித்தான். குழுவில் இன்னொருத்தியிடம் அவளுடைய பிரதியைப் படம் எடுத்து அனுப்பச் சொன்னேன். அதிலும் அப்படித்தான். அப்போதுதான் குழுத் தலைவரின் பனித்த கண்கள் ஞாபகம் வந்தது. அடப்பாவி மனுசா, இல்லாத அத்தியாயத்துக்கு எப்படியய்யா அழுதாய்? பொருளடக்கத்தைப் பார்த்து அடித்துவிட்டிருக்கிறார். எனக்கு வந்த கோபத்தில் அன்றைக்குக் கடைக்கு வந்த இரண்டு பேரிடம் காரணமில்லாமல் எரிந்து விழுந்தேன்.

அவளுக்கு போன் போட்டேன். புத்தகம் கெட்டுப்போயிருக்கிறது, பதிப்பகத்திடம் சொல்லி மாற்றிவிடலாம் என்கிற நினைப்புதான் எனக்கு.

"ஏம்மா, ஒம் புத்தகத்தைப் பிரிச்சுப் பாத்தியா?"

"இல்லக்கா. பிரிச்சா அட்டை மடங்கிப் போகும்னு பெட்டியோட வச்சிருக்கேன். எனக்குத்தான் மனப்பாடமா தெரியுமே."

"ஒண்ணு எடுத்துப் பாரு. ஒம்பதாவது அத்தியாயம் இருக்கான்னு சொல்லு."

பெட்டியின் டேப்பைக் கிழிக்கிற சத்தம் கேட்டது. ஒரு புத்தகத்தைப் புரட்டினாள். இன்னொன்றைப் புரட்டினாள். நாலைந்து புரட்டியிருப்பாள். அழுவாள் என்று நினைத்தேன். "அக்கா, நாளைக்குக் கடைக்கு வாரேன்" என்று மட்டும் சொன்னாள்.

வந்தாள். அரை நாள் லீவு போட்டு, இரண்டு பஸ் மாறி வந்திருந்தாள். ஸ்டூலில் உட்கார்ந்தாள். குடிக்கத் தண்ணீர் கொடுத்தேன், குடிக்கவில்லை.

"அவரும் படிக்கலையாக்கா?" என்றாள்.

எனக்கு முதலில் விளங்கவில்லை. யாரைச் சொல்கிறாய் என்று கேட்டேன். பிறகுதான் சொன்னாள். கல்யாணமான புதிதில் அவளுக்கு ஒரு பிள்ளை இறந்தே பிறந்திருக்கிறது. பெரியாஸ்பத்திரியில். அவள் மயக்கம் தெளிவதற்குள் கொண்டுபோய்ப் புதைத்துவிட்டார்கள். அதற்குப் பிறகு வீட்டில் ஒருவரும் அதைப் பேசவே இல்லை. அவரும் பேசவில்லை. பேசினால் இவள் உடைந்துவிடுவாள் என்று அவருக்குப் பயமாக இருந்திருக்கலாம். அடுத்தடுத்து இரண்டு பிள்ளைகள் பிறந்து பள்ளிக்கூடம் போகிறார்கள். முதல் பிள்ளை ஒன்று இருந்ததே இல்லை என்பதுபோல ஆகிவிட்டது.

"வாயத் தெறந்தா எனக்கு வர மாட்டேங்குதுக்கா. அதான் எழுதுனேன். அந்த ஒரு அத்தியாயத்துக்காகத்தான் அம்புட்டுப் பக்கமும் எழுதுனேன். மத்ததெல்லாம் அத ஒளிச்சு வைக்கத்தான். அவரு படிச்சுத் தெரிஞ்சுக்கிருவாருன்னு நெனச்சேன். அந்தப் பிள்ளைக்கு அதுல ஒரு பேரு வச்சிருக்கேன்க்கா."

நான் மேசை மேலிருந்த புத்தகத்தைத் தள்ளி வைத்தேன்.

"விழா முடிஞ்சு நாலு நாள் கழிச்சு, சாயங்காலம் எம் பக்கத்துல வந்து சும்மா ஒக்காந்தாரு. ஒண்ணும் பேசல. என் கையப் பிடிச்சிக்கிட்டாரு. அந்த அத்தியாயத்தப் படிச்சதாலதான் வந்து ஒக்காந்திருக்காருன்னு நெனச்சேன். இம்புட்டு வருசம் கழிச்சு இப்பத்தான் ரெண்டு பேரும் சேந்து ஒரு தடவ துக்கம் கொண்டாடுனோம்னு நெனச்சேன்க்கா. ரொம்ப நிம்மதியா இருந்துச்சு."

அப்போதுதான் அழுதாள். மாத்திரை வாங்க வந்த ஒருவர் வாசலிலேயே நின்றுவிட்டுத் திரும்பிப் போனார். நான் அவள் முதுகில் கையை வைத்துக்கொண்டு நின்றேன். போன் போடாமலே இருந்திருக்கலாமே பாவி என்று என் மனசு என்னைத் திட்டியது. ஆனால் படித்தவள் எப்படிப் படிக்காதவள்போல இருப்பது?

இந்தக் கோளாறை நெட்டில் எழுதிவிடலாம் என்றேன். எந்தப் பக்கம் விட்டுப்போயிருக்கிறது என்று போட்டால், வாங்கியவர்கள் மாற்றிக்கொள்வார்கள், பதிப்பகமும் சரிசெய்து கொடுக்கும். அவள் பதறிவிட்டாள். "வேணாம்க்கா, ஒங்க கால்ல விழுறேன். நீங்க போட்டீங்கன்னா ஒருத்தரும் படிக்கலன்னு ஊருக்கே தெரிஞ்சு போகும். அவரு எழுதுனது எல்லாத்துக்கும் மேல நிக்குது. கடைக்கு வர்றவங்ககிட்ட எல்லாம் காமிச்சிருக்காரு. அவரு தலை குனிஞ்சிருவாரு." எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. படிக்காமல் பொய் சொன்னவர்கள் மானத்தை, படிக்கப்படாமல் போனவள் காப்பாற்ற வேண்டியிருக்கிறது. இது எந்த ஊர் நியாயம் என்று கத்தினேன். அவள் முந்தானையில் முகத்தைத் துடைத்துக்கொண்டு பஸ்ஸுக்குப் போனாள்.

நான் ஒன்றும் எழுதவில்லை. அது என் புத்தகம் இல்லை, என் துக்கமும் இல்லை. ஆனால் அஞ்சு ஸ்டாரும் போடவில்லை. அவள் அடுத்த மாதக் கூட்டத்துக்கு வரவில்லை, அதற்கடுத்த மாதமும் வரவில்லை. குழுவில் மட்டும் யார் புத்தகம் வந்தாலும் அவளுடைய அஞ்சு ஸ்டார் தவறாமல் விழுந்துகொண்டிருந்தது.

போன வாரம் கூப்பிட்டாள். பின்னால் பஸ் ஸ்டாண்டு இரைச்சல்.

"அக்கா, ஒரு ஒத்தாச. நீங்களும் ஒரு அஞ்சு போட்டு விட்ருங்க. எல்லாரும் போட்டுட்டாங்க, ஒங்க அக்கா மட்டும் ஏன் போடலன்னு அவரு கேட்டுக்கிட்டே இருக்காரு. ஒங்களுக்கும் எனக்கும் ஏதும் சண்டையான்னு கேக்குறாரு."

"அந்தப் பதினாறு பக்கத்தையும் சேத்து ஒழுங்காப் போடச் சொல்லு. படிச்சிட்டு, மனசுல பட்டத எழுதுறேன். அஞ்சோ நாலோ, அப்பப் பாப்போம்."

"அடுத்த பதிப்பு போடுறாங்கக்கா. அதுல அந்த அத்தியாயத்தையே எடுத்துறச் சொல்லிட்டேன். பொருளடக்கத்துல தலைப்ப எடுத்துட்டு, பத்தாவத ஒம்பதாவதாக்கி, பக்க நம்பரையும் சரி பண்ணிருவாங்க. அது இல்லாமயும் கதை நல்லாத்தான் ஓடுதாம்."

"எவன் சொன்னான்?"

"எல்லாரும் சொல்லிட்டாங்களேக்கா."

புதுப் பதிப்பு வந்துவிட்டால் ஸ்டார் போட்டவர்கள் சொன்னதெல்லாம் உண்மையாகிவிடும். அவர் ஒரு வரி விடாமல் படித்ததும் உண்மையாகிவிடும். அவரிடம் வாயால் ஒரு தடவை சொல்லிப் பாரேன் என்று கெஞ்சினேன். நான் யாரிடமும் அப்படிக் கெஞ்சியதில்லை.

"அச்சடிச்சுக் கையில குடுத்தே தெரியலயேக்கா" என்றாள். குரலில் கோபமே இல்லை.

"சரி, எனக்காவது சொல்லு. அந்தப் பிள்ளைக்கு என்ன பேரு வச்சிருந்த?"

வாடிப்பட்டி, வாடிப்பட்டி என்று பின்னால் கண்டக்டர் கூவுவது கேட்டது.

"பஸ்ஸு வந்துருச்சுக்கா. வாரேன்" என்று வைத்துவிட்டாள்.