எடை போட்ட பிறகு ஊற்றிய தண்ணீர்

உறுவையாறில் பூ வியாபாரம் செய்கிறேன். உதிரிப்பூவை உலர்வாக எடை போட்ட பிறகுதான் தண்ணீர் ஊற்றுவேன். ஈரப்பூவை எடை போட்டு விற்பவர்களைக் கண்டால் எனக்கு ஆகாது.

போன கோடையில் செலியமேட்டில் ஒரு கோயில் கும்பாபிஷேகம். குட்டி விமானத்திலிருந்து பூ தூவ ஏற்பாடு செய்து, அறுத்த வயலை மட்டமாக்கி ஓடுபாதை போட்டிருந்தார்கள். ஆட்கள் சாமந்தி மூட்டைகளை ஏற்றும்போது விமானி என்னிடம் கேட்டார்: "பூ எத்தனை கிலோ அக்கா? பாதை குட்டை, வெயில் வேற. முப்பதுக்கு மேல போனா வண்டி எழும்பாது."

"கரெக்டா முப்பதுதான் தம்பி" என்றேன். காலையில் ஊற்றிய இரண்டு குடம் தண்ணீர் நினைவுக்கே வரவில்லை.

விமானம் பாதையின் கடைசிவரை ஓடி, பனைமர உயரம்கூட ஏறாமல், கரும்புக் கொல்லையில் மூக்குக் குத்தி விழுந்தது. விமானியை வெளியே இழுத்துப் போட்டதுமே கோயில் நிர்வாகி, "இன்னாடா இவன், குடிச்சிட்டு ஓட்டினானா? பூ வீணாப் போவுது, அள்ளுங்கபா" என்றார். அள்ளப் போய் ஒரு மூட்டையைத் தூக்கினேன்; நான் எடை போட்டதைவிட இரண்டு மடங்கு கனத்தது. அடியில் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

விமானிக்கு இடுப்புக்குக் கீழே உணர்வு போய்விட்டது. ஆஸ்பத்திரியில் பார்த்தபோது கேட்டார்: "என் தப்பு எங்கன்னே புரியல அக்கா. பூ முப்பதுதானே?"

"முப்பதுதான்பா" என்றேன்.

இப்போதெல்லாம் தண்ணீர் ஊற்றிய பிறகு இன்னொரு முறை எடை போட்டு, இரண்டையும் சீட்டில் எழுதிக் கொடுக்கிறேன். அவரிடம் மட்டும் இன்னும் பழைய எடைதான் இருக்கிறது.