எண்ணெய்ப் போத்தலும் என் விசிலும்

வட்டவளையில் எங்கள் பாடசாலைக்கு நான்தான் விளையாட்டு ஆசிரியர். சான்றிதழும் விசிலும் என்னிடம்தான் இருக்கின்றன. ஆனால் ஓட்டத்தில் வென்ற எந்தப் பெண்பிள்ளையும் என்னிடம் வந்ததில்லை. என்னைத் தாண்டி ஓடிப்போய், மைதான ஓரத்தில் எண்ணெய்ப் போத்தலோடு நிற்கும் ஓர் அம்மாவைத்தான் கட்டிப்பிடிப்பார்கள்.

அவர் தேயிலைத் தோட்டத்துப் பிள்ளைமடுவத்தில் கைக்குழந்தைகளைப் பார்ப்பவர். சேலைக்கு மேல் ஆண்கள் போடும் ஸ்வெட்டர். கையில் ஒரு ஜாம் போத்தல் நிறையக் கற்பூரம் போட்டுக் காய்ச்சிய தேங்காயெண்ணெய். பனியில் விறைத்து நிற்கும் பிள்ளைகளின் கால்களைத் தொடுமுன் உள்ளங்கையில் ஊதிச் சூடாக்கிக்கொள்வார். ஓட்டம் தொடங்கினால் திரும்பிக்கூடப் பார்க்கமாட்டார், போத்தலை மூடிக்கொண்டிருப்பார். அதுதான் எனக்கு இன்னும் எரிச்சல்.

"பிள்ளைகளுக்கு அப்படி என்னதான் சொல்லிக் குடுக்குறீங்க?" என்று ஒருநாள் கேட்டே விட்டேன்.

"ஒண்ணும் சொல்றதில்லைங்க சேர். எந்தக் காலு பயந்து கெடக்குன்னு தேய்க்கையில தெரியும். அது அடங்குற வரைக்கும் தேய்ப்பேன்."

பிறகு கொழும்பில் ஒரு பயிற்சி வகுப்புக்குப் போனேன். பழைய கிரேக்கர்கள் பயிற்சியாளரை 'அலெய்ப்டேஸ்' என்றார்களாம். எண்ணெய் தேய்த்துவிடுபவர் என்று பொருளாம். வீரர்களின் உடம்பைத் தேய்த்துத் தேய்த்து அறிந்தவரே அவர்களைப் பழக்குபவரும் ஆனாராம். எனக்கு வயிறு எரிந்தது. ஒரு மாதம் அதை அந்த அம்மாவிடம் சொல்லவில்லை.

சொன்னபோது அவர் சிரிக்கவில்லை. போத்தலைத் துடைத்தபடி, உண்மையான அக்கறையோடு கேட்டார்:

"அப்ப விசில் ஊதுறவங்களுக்கு என்ன பேருங்க சேர்?"

இன்றுவரை தேடிக்கொண்டிருக்கிறேன்.